வருஷம் முழுவதும் திருநாள்: கிறிஸ்தவப் பண்டிகைகளும் அவற்றின் பொருளும்



2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள், பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மா என்னை மறித்துக் கேள்வி கேட்டார். அவர் இந்து. பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்கள் கத்தோலிக்கர்.

“ஐயா, அவங்க பெரிய வெள்ளி போன வருஷம் மார்ச்சில வந்திச்சி. இந்த வருஷம் ஏப்ரல்ல வருதுன்னு சொல்றாங்க. நத்தார் மட்டும் மாறவே மாட்டேங்குது. இது என்னா கணக்கு?”

அவர் கூட நின்ற கத்தோலிக்கத் தங்கச்சியைப் பார்த்தேன். “எனக்கும் தெரியாதுங்க. சாமி கோயில்ல சொல்லுவாரு, நாங்க போவோம்” என்று சிரித்துவிட்டார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தும் அது என் மனசை விட்டுப் போகவில்லை. நானும் லயத்தில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கன்தான். பண்டிகைக்குச் செலவு செய்ய நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பண்டிகை ஏன் வருகிறது என்று பிள்ளை கேட்டால் பதில் இல்லை. பொருள் தெரியாமல் கொண்டாடினால் கடைசியில் மிஞ்சுவது கடன்தான். நலன்புரி வேலையில் இத்தனை வருஷம் இருந்து நான் கண்டது இது. அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன். கிறிஸ்தவக் குடும்பங்கள் தங்கள் நாட்களைத் தெரிந்துகொள்ளட்டும். இந்துக் குடும்பங்கள் பக்கத்து வீட்டுக்காரரைத் தெரிந்துகொள்ளட்டும்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சபையாரும் எல்லா நாளையும் ஒரே மாதிரி அனுசரிப்பதில்லை. கத்தோலிக்கருக்கு நாட்கள் அதிகம். அங்கிலிக்கன், மெதடிஸ்த சபையாருக்குக் கொஞ்சம் குறைவு. சில புதிய சபைகள் இவற்றில் பலவற்றைக் கொண்டாடுவதே இல்லை. அதில் சண்டைக்கு இடமில்லை.

மாறும் நாளும் மாறாத நாளும்

கிறிஸ்தவத் திருநாட்கள் இரண்டு வகை. ஒன்று, தேதி மாறாதவை. நத்தார் எப்போதும் டிசம்பர் 25. மற்றது, நிலாவைப் பார்த்து மாறுபவை. உயிர்த்த ஞாயிறு அப்படிப்பட்டது.

நம்ம தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது அல்லவா? அதுபோல உயிர்த்த ஞாயிறு பௌர்ணமியை ஒட்டி வருகிறது. மார்ச் 21ஆம் தேதி அல்லது அதற்குப் பிறகு வரும் முதல் பௌர்ணமியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்து வரும் ஞாயிறுதான் உயிர்த்த ஞாயிறு. இந்தக் கணக்கின்படி அது மார்ச் 22க்கு முன்பும் வராது, ஏப்ரல் 25க்குப் பின்பும் வராது. சபையின் பௌர்ணமிக் கணக்கு பழைய அட்டவணைப்படி போடப்படுவதால், நம்ம போயா நாளோடு சில வருஷம் ஒரு நாள் முன்பின் இருக்கும். மற்றபடி போயா விடுமுறை போட்ட கலண்டர் சுவரில் இருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

2024இல் அது மார்ச் 31. 2025இல் ஏப்ரல் 20. 2026இல் ஏப்ரல் 5. 2027இல் மார்ச் 28. அதற்கு முன்பு வரும் வெள்ளிதான் பெரிய வெள்ளி. அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

திருவருகைக் காலமும் நத்தாரும்

நமக்கு வருஷம் ஜனவரியில் பிறக்கிறது. கோயிலுக்கு வருஷம் நத்தாருக்கு முந்தின நான்காவது ஞாயிறில், அதாவது நவம்பர் கடைசியில் அல்லது டிசம்பர் முதல் நாட்களில் பிறக்கிறது. இதைத் திருவருகைக் காலம் என்பார்கள். கிழமைக்கு ஒன்றாக நாலு மெழுகுதிரி ஏற்றுவார்கள். காத்திருப்பதுதான் இதன் பொருள். பிள்ளை பிறக்கும் வீட்டில் எப்படித் துணியைத் துவைத்து, இடத்தைக் கூட்டி வைப்போமோ, அப்படி மனசைத் தயார் பண்ணும் காலம்.

நத்தார் என்ற சொல் நமக்குப் போர்த்துக்கீசர் விட்டுப்போனது. அவர்கள் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். அவர்கள் மொழியில் ‘நாத்தால்’ என்றால் கிறிஸ்து பிறப்புத் திருநாள். டிசம்பர் 25 என்று வேதப் புத்தகத்தில் எங்கும் எழுதியில்லை. உரோமாபுரியில் 336ஆம் ஆண்டளவிலேயே இந்தத் தேதியில் கொண்டாடியதற்கு ஆதாரம் இருக்கிறது. அந்த வழக்கம்தான் உலகம் பூராவும் பரவியது.

வேதத்தில் சொல்லியிருப்பது வேறு. குடியிருப்பில் இடம் கிடைக்காத ஒரு குடும்பம். மாட்டுத் தீவனத் தொட்டியில் போட்ட பிள்ளை. அந்தச் செய்தி முதலில் போனது அரசனுக்கு இல்லை, பணக்காரனுக்கும் இல்லை. இராத்திரியில் மந்தை காத்துக்கொண்டிருந்த இடையர்களுக்கு. நம்ம தோட்டத்தில் இராக்காவல் நிற்கும் ஆளை நினைத்துப் பாருங்கள். அவரிடம்தான் முதலில் சொல்லப்பட்டது.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. நான் 7ஆம் வகுப்பு படித்த வருஷம். என் அப்பா நல்ல மனிதர். நத்தாருக்குப் பண்டிகை முற்பணம் எடுத்தார். போதவில்லை, வட்டிக்கும் வாங்கினார். எல்லோருக்கும் புது உடுப்பு, கேக், பலகாரம். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சாராயம். லயமே எங்களைப் பற்றிப் பேசியது. ஜனவரி வந்ததும் சம்பளத்தில் பிடித்தம், கடையில் பற்று, வட்டிக்காரர் வாசலில். அம்மாவின் தோடு ஹட்டனில் அடகுக்குப் போனது. கொப்பியும் சப்பாத்தும் வாங்க வழியில்லாமல் நான் மூன்று கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. அந்தத் தோடு திரும்பி வரவேயில்லை.

அடுத்த வருஷம் அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: “மொதல்ல பிள்ளைகளுக்குக் கொப்பி. மிச்சம் இருந்தா உடுப்பு.” அப்பா ஒன்றும் பேசவில்லை. நாங்கள் பிள்ளைகள் சேர்ந்து ஆற்றோரத்து மண்ணும் பாசியும் கொண்டுவந்து பாலன் குடில் கட்டினோம். மாடு செய்யத் தெரியவில்லை. பக்கத்துக் காம்பரா அக்கா தன் பிள்ளைகள் பொங்கலுக்குச் செய்து வைத்திருந்த களிமண் மாட்டைக் கொண்டுவந்து குடிலில் வைத்தார். எத்தனையோ நத்தார் வந்து போய்விட்டது. எனக்கு இன்னும் ஞாபகத்தில் இருப்பது அந்த நத்தார்தான்.

முற்பணம் எடுப்பது தப்பு இல்லை. அது இனாம் இல்லை, நம்ம சம்பளத்தையே முன்கூட்டி வாங்குகிறோம் என்பதை மறப்பதுதான் தப்பு. பணம் கையில் வந்த அன்றைக்கே பிள்ளைகளின் பள்ளிச் செலவை எடுத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். மிச்சத்தில் நத்தார்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தது. மண்சரிவில் மலையகத்தில் பல உயிர்கள் போயின. வீடு இழந்து தங்குமிடங்களில் இருந்தவர்கள் பலர். இடம் கிடைக்காத குடும்பத்தின் கதை அந்த டிசம்பரில் நமக்கு விளங்கினது போல வேறு எப்போதும் விளங்கியதில்லை.

டிசம்பர் 28, ஜனவரி 6, ஜனவரி 16

நத்தார் முடிந்து மூன்றாம் நாள், டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் நாள். ஏரோது அரசன் தன் பதவிக்குப் பயந்து பெத்லகேமில் சின்னப் பிள்ளைகளைக் கொன்றான் என்பது வேத வரலாறு. சூசையும் மரியாளும் பாலனைத் தூக்கிக்கொண்டு இராவோடு இராவாக எகிப்துக்கு ஓடினார்கள். ஊரைவிட்டு ஊர் போன வேதனை நமக்குப் புதிது இல்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எத்தனை குடும்பம் அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்தது! அந்தத் தகப்பனும் தாயும் செய்தது ஒன்றுதான்: பிள்ளையைக் காப்பாற்றினார்கள். பிள்ளையைப் படிப்பை நிறுத்திக் கொழும்பில் கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் அனுப்ப நினைக்கும் பெற்றோர் இந்த நாளில் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

ஜனவரி 6 மூவிராசாக்கள் திருநாள். கிழக்கில் இருந்து ஞானிகள் வந்து பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் கொடுத்தார்கள். மூன்று பேர் என்று வேதத்தில் இல்லை. காணிக்கை மூன்று என்பதால் மூன்று பேர் என்று வழக்கமாயிற்று. அவர்கள் வேறு நாட்டார், வேறு வழிபாட்டுக்காரர். ஆனாலும் அந்த வீட்டுக்குள் அவர்களுக்கு வரவேற்பு இருந்தது.

ஜனவரி 16 புனித யோசேப் வாஸ் அடிகளின் நாள். இவர் நம்ம மலைநாட்டோடு சேர்ந்தவர். 1651இல் கோவாவில் பிறந்தார். ஒல்லாந்தர் இலங்கையில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்த காலம். 1687இல் ஏழைக் கூலியாள் மாதிரி வேஷம் போட்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தார். பிறகு கண்டிக்கு வந்தபோது வேவுகாரர் என்று சந்தேகப்பட்டு அவரைச் சிறை வைத்தார்கள். தமிழும் சிங்களமும் படித்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. சொந்தக்காரர்களே நோயாளியை விட்டுவிட்டு ஓடினார்கள். இவர்தான் நோயாளிகளுக்குச் சோறு கொடுத்து, புண்ணைக் கழுவி, செத்தவர்களை அடக்கம் செய்தார். என்ன மதம் என்று கேட்கவில்லை. 1711 ஜனவரி 16ஆம் தேதி கண்டியில் இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத் திடலில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். கொரோனா காலத்தில் நோய் வந்த வீட்டுக்காரரிடம் நாம் எப்படி நடந்துகொண்டோம் என்று நினைத்துப் பார்க்க இது நல்ல நாள்.

விபூதிப் புதனும் தவக்காலமும்

உயிர்த்த ஞாயிறுக்கு 46 நாள் முன்பு விபூதிப் புதன். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாள். இயேசு வனாந்தரத்தில் 40 நாள் நோன்பிருந்ததை நினைத்து இந்தத் தவக்காலம்.

அன்றைக்குக் குருவானவர் சாம்பலை எடுத்து நெற்றியில் பூசுவார். போன வருஷத்துக் குருத்தோலையை எரித்துத்தான் அந்தச் சாம்பலை எடுக்கிறார்கள். மனிதன் மண், மண்ணுக்கே திரும்புவான் என்பது அதன் பொருள். விபூதி பூசும் நம்ம இந்துச் சகோதரருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

தவக்காலத்தில் செய்ய வேண்டியது மூன்று: செபம், நோன்பு, தர்மம். நோன்பைப் பற்றி நலன்புரி உத்தியோகத்தர் என்ற முறையில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கத்தோலிக்கச் சட்டப்படி கட்டாய நோன்பு விபூதிப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் மட்டும்தான். அதுவும் 18 வயது முடிந்தவர்களுக்கு, 60 வயது தொடங்கும் வரை. கர்ப்பிணித் தாய்மாரும் பால் கொடுக்கும் தாய்மாரும் நோயாளிகளும் பட்டினி கிடக்கத் தேவையில்லை. நம்ம பெண்களில் பலருக்கு இரத்தம் குறைவு. வெறும் வயிற்றோடு மலையேறிக் கொழுந்து எடுத்துத் தலைசுற்றி விழுந்தால் அது புண்ணியம் இல்லை. மிட்வைஃப் அம்மா கொடுத்த மாத்திரையைத் தவக்காலத்திலும் நிறுத்தக் கூடாது. சீனி வியாதிக்காரர் டொக்டரைக் கேட்காமல் நோன்பிருக்கக் கூடாது.

நோன்பு உண்மையில் யாருக்கு? சம்பள நாளில் ஹட்டன் டவுனிலிருந்து தள்ளாடி வரும் நமக்குத்தான். சில அண்ணன்மார் தவக்காலம் 40 நாளும் சாராயத்தைத் தொடமாட்டார்கள். கோயிலில் மணியடித்து உயிர்த்த ஞாயிறு வந்ததும், 40 நாள் பாக்கியை ஒரே நாளில் குடித்து முடிப்பார்கள். அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். 40 நாள் உங்களால் இருக்க முடிந்தது என்றால், 41ஆம் நாளும் முடியும். அதைக் காட்டுவதற்குத்தான் இந்தக் காலம். அந்த 40 நாளில் மிச்சமான காசை ஒரு டின்னில் போட்டு வையுங்கள். எண்ணிப் பார்த்தால் வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

பெரிய கிழமை

தவக்காலத்தின் கடைசிக் கிழமை பெரிய கிழமை. வருஷத்தில் இதைவிடப் பெரிய நாட்கள் கிறிஸ்தவருக்கு இல்லை. நத்தார் கூட இதற்குப் பிறகுதான்.

குருத்தோலை ஞாயிறு: இயேசு கழுதையின் மேல் ஏறி எருசலேமுக்குள் வந்தார். சனங்கள் கிளைகளைப் பிடித்து ஆரவாரம் செய்தார்கள். நுவரெலியாக் குளிரில் தென்னை வராது. கீழே இருந்து வரும் குருத்தோலையை ஆளுக்கு ஒரு கீற்றாகப் பங்குபோட்டுக்கொள்வோம். அதைச் சிலுவை மாதிரி பின்னி வீட்டு வாசலில் செருகுவது நம்ம வழக்கம். அன்று ஆரவாரம் செய்த அதே ஊரில்தான் ஐந்தாம் நாள் அவரைக் கொல்லச் சொல்லிக் கத்தினார்கள். கூட்டம் கூடும்போது நாம் எதற்குக் கத்துகிறோம் என்று யோசிக்க இந்த நாள் சொல்கிறது.

பெரிய வியாழன்: கடைசி இராச்சாப்பாடு. அன்று இயேசு தன் சீடர்களின் காலைக் கழுவினார். அந்தக் காலத்தில் அது வேலைக்காரன் வேலை. இப்போதும் கோயிலில் குருவானவர் முழங்காலில் நின்று பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். 2016 வரை சட்டப்படி ஆண்களின் காலைத்தான் கழுவ வேண்டும் என்றிருந்தது. அந்த வருஷம் ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் அதை மாற்றிப் பெண்களையும் சேர்க்கலாம் என்றார். அட்டை கடித்து, வெடித்து, மண் ஏறிய கால் கொழுந்து எடுக்கும் நம்ம பெண்களின் கால். அந்தக் காலைக் குனிந்து கழுவுவது என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். பிறகு வீட்டில், வேலை முடிந்து வந்த மனைவிக்கு ஒரு வாளி சுடுதண்ணீர் வைத்துக் கொடுங்கள். அதுதான் பெரிய வியாழன்.

பெரிய வெள்ளி: இயேசு சிலுவையில் இறந்த நாள். கத்தோலிக்கர் அன்று பூசை வைப்பதில்லை. பதினான்கு தலங்களாகச் சிலுவைப் பாதை செய்வார்கள். இயேசு சிலுவை சுமக்க முடியாமல் தளர்ந்தபோது, வெளியூரில் இருந்து வந்துகொண்டிருந்த சீமோன் என்ற ஆளைப் பிடித்துத் தூக்க வைத்தார்கள். அவர் தன் பாட்டில் போனவர். ஆனாலும் இன்னொருவர் பாரம் அவர் தோளில் ஏறியது. நம்ம லயத்தில் சாவு விழுந்தால் மதம் பார்க்காமல் எல்லோரும் தோள் கொடுக்கிறோம். அந்தப் பழக்கத்தைவிட்டுவிடக் கூடாது. மரணாதார சங்கத்துச் சந்தாவையும் ஒழுங்காகக் கட்டுங்கள்.

பெரிய வெள்ளி அரசாங்க விடுமுறை நாள். தோட்டத்தில் அன்று வேலை எப்படி, லீவு எப்படி என்பதை முன்கிழமையே தலைவர் மூலமாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலையில் பிரட்டுக்களத்தில் நின்று வாதாட வேண்டாம்.

உயிர்த்த ஞாயிறு

சனி இராத்திரி கோயிலில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் புது நெருப்பு மூட்டுவார்கள். ஒரு மெழுகுதிரியில் இருந்து அடுத்தது, அதில் இருந்து அடுத்தது என்று கோயில் முழுவதும் வெளிச்சமாகும். சாவு கடைசி வார்த்தை இல்லை என்பதுதான் இந்த நாளின் பொருள். கல்லறைக்கு விடியற்காலை முதலில் போனவர்கள் பெண்கள். செய்தியை முதலில் கொண்டுவந்ததும் அவர்கள்தான். மற்றவர்கள் முதலில் நம்பவில்லை. பெண் சொன்னால் நம்பாத வழக்கம் அன்றைக்கும் இருந்திருக்கிறது!

2019 ஏப்ரல் 21ஆம் தேதி உயிர்த்த ஞாயிறு. அன்று காலை கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்றிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் பலர். அதற்குப் பிறகு டவுனில் முஸ்லிம் கடைக்காரரைச் சந்தேகத்தோடு பார்த்தோம். ஒரு சிலர் செய்த கொடுமைக்கு ஒரு சமூகத்தையே பழிப்பது நியாயம் இல்லை. நமக்கும் அப்படி நடந்த காலம் உண்டு. அதை மறக்கக் கூடாது.

மே முதல் நாளும் பெந்தெகொஸ்தேயும்

மே முதலாம் தேதி நமக்குத் தொழிலாளர் தினம். அதே நாள் கத்தோலிக்கருக்குத் தொழிலாளியான புனித சூசையப்பர் திருநாள். 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர் என்ற பாப்பரசர் இதை ஏற்படுத்தினார். சூசையப்பர் தச்சர். இயேசுவும் அந்த வேலை பழகியவர். கையால் உழைப்பது கேவலம் இல்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? “நாங்க வெறும் கூலிதானே” என்று நம்ம ஆட்கள் சொல்லும்போது எனக்கு இந்த நாள்தான் ஞாபகம் வரும்.

உயிர்த்த ஞாயிறில் இருந்து எண்ணினால் 40ஆம் நாள் விண்ணேற்றம். 50ஆம் நாள் பெந்தெகொஸ்தே. தூய ஆவி இறங்கிச் சீடர்கள் பேசத் தொடங்கியபோது, பல தேசத்து மக்களும் அவரவர் சொந்த மொழியில் கேட்டார்கள் என்று வேதம் சொல்கிறது. எல்லோரையும் ஒரே மொழிக்கு மாற்றவில்லை. அவரவர் மொழிக்கு மதிப்புக் கொடுக்கப்பட்டது. ஆஸ்பத்திரியிலும் கந்தோரிலும் பாஷை தெரியாமல் நின்று தவித்தவர்களுக்கு இது விளங்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை

ஜூன் 13 புனித அந்தோனியார் நாள். 1231இல் இத்தாலியில் பதுவை நகரில் இறந்தவர். ஏழைகளுக்கு அப்பம் கொடுப்பது அவர் பெயரில் நடக்கும் தர்மம். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போய்ப் பாருங்கள். எல்லா மதத்தாரும் வரிசையில் நிற்பார்கள்.

ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்புத் திருநாள். மடுவில் பெரிய திருவிழா. ஜூலை 2இலும் அங்கே திருவிழா உண்டு. ஒல்லாந்தர் காலத்துத் துன்பத்துக்குப் பயந்து காட்டுக்குள் ஓடிய மக்கள் கொண்டுபோன மாதா சுரூபம் அது. மலையகத்தில் இருந்து பஸ் பிடித்துக் குடும்பம் குடும்பமாகப் போகிறோம். மடு நல்ல வெயில் ஊர். குளிரில் பழகிய நம்ம பிள்ளைகளுக்குக் கொதித்தாறிய தண்ணீர் கொண்டுபோங்கள். அடையாள அட்டையையும் முதியவர்களின் மருந்தையும் மறக்காதீர்கள். போகப் பணம் இல்லை என்றால் கடன் வாங்கிப் போக வேண்டாம். மாதா வீட்டிலும் கேட்பார்.

அங்கிலிக்கன், மெதடிஸ்த கோயில்களில் அறுப்பின் பண்டிகை என்று ஒன்று நடக்கும். தோட்டத்தில் விளைந்த கோவா, கரட், லீக்ஸ், முட்டை என்று அவரவரால் முடிந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். பிறகு ஏலம் விட்டுக் கோயில் வேலைக்கு எடுப்பார்கள். நம்ம பொங்கல் மாதிரி இதுவும் நன்றி சொல்லும் நாள்.

நவம்பர் 2: இறந்தவர்களின் நாள்

நவம்பர் 1 சகல புனிதர் நாள். நவம்பர் 2 மரித்த ஆத்துமாக்களின் நாள். கல்லறையைத் துப்புரவாக்கி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுவோம்.

டிக்கோயாவில் வார்லி தேவாலயத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். 1878இல் கட்டிய கற்கோயில். அதைச் சுற்றி வெள்ளைக்காரத் துரைமாரின் கல்லறைகள். கல்லில் பெயரும் வருஷமும் வெட்டியிருக்கும். அந்தத் துரைமாருக்கு மலையை வெட்டித் தேயிலை நட்ட நம்ம பாட்டன் பூட்டனுக்குக் கல் எங்கே? மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியில் நடந்து வந்தபோதே எத்தனையோ பேர் வழியில் விழுந்தார்கள். 2023இல் மலையக மக்கள் வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்து போனார்களே, அது அவர்களை நினைத்துத்தான்.

கல் வைக்க நமக்கு வசதி இல்லாமல் இருக்கலாம். ஒரு கொப்பி வாங்க வசதி இருக்கிறது. நவம்பர் 2ஆம் தேதி வீட்டில் இருக்கும் வயதானவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். தாத்தா பெயர் என்ன, பாட்டி பெயர் என்ன, எந்த ஊரில் இருந்து வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள், எப்போது இறந்தார்கள் என்று பிள்ளைகளை எழுத விடுங்கள். பிறப்பு, மரண அத்தாட்சிப் பத்திரங்களையும் அன்றைக்கே ஒரு உறையில் சேர்த்து வையுங்கள். பத்திரம் இல்லாமல் ஊழியர் சேமலாப நிதி வாங்க அலைந்த விதவைகளை நான் பார்த்திருக்கிறேன். மரித்தவருக்கு நாம் செய்யும் மரியாதை, உயிரோடு இருப்பவருக்கும் உதவும். இந்துக் குடும்பங்களும் ஆடி அமாவாசையன்று இதைச் செய்யலாம்.

முடிவாக

கணக்குப் பார்த்துவிட்டேன். இத்தனை நாட்களில் எந்த நாளும் நம்மிடம் பணம் கேட்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்று, நோயாளியைக் கவனி, குடியை விடு, மனைவியின் காலைக் கழுவு, பக்கத்து வீட்டுப் பாரத்தைத் தூக்கு, முன்னோர் பெயரை எழுதி வை. இவ்வளவுதான் கேட்கிறது. செலவு எல்லாம் நாமாகச் சேர்த்துக்கொண்டது.

அந்தத் தங்கச்சிக்கும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் அப்போது என்னால் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. இப்போது இருவரும் சேர்ந்து இதைப் படிக்கட்டும்.

கலண்டரில் குறித்து வைக்க

ஜனவரி 6 – மூவிராசாக்கள்
ஜனவரி 16 – புனித யோசேப் வாஸ்
விபூதிப் புதன் – 2027இல் பெப்ரவரி 10
உயிர்த்த ஞாயிறு – 2027இல் மார்ச் 28. 2028இல் ஏப்ரல் 16
மே 1 – தொழிலாளியான சூசையப்பர்
ஜூன் 13 – புனித அந்தோனியார்
ஆகஸ்ட் 15 – மாதாவின் விண்ணேற்பு, மடுத் திருவிழா
நவம்பர் 2 – மரித்தோர் நாள்
டிசம்பர் 25 – நத்தார்
டிசம்பர் 28 – மாசில்லாக் குழந்தைகள்

பிள்ளைகளுக்குக் கேள்விகள்

1. உயிர்த்த ஞாயிறு ஏன் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது?
2. விபூதிப் புதனுக்குச் சாம்பல் எதில் இருந்து எடுக்கிறார்கள்?
3. கண்டியில் பெரியம்மை வந்தபோது யோசேப் வாஸ் என்ன செய்தார்?
4. உங்கள் தாத்தாவின் அப்பா பெயர் என்ன? தெரியாவிட்டால் இன்றைக்கே கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்